சுகப்பிரசவம் ஆகுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்

வளைகாப்பன்று இரண்டு கைகளிலும் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் முதலில் முழங்கை வரை தாராளமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்து மூன்றாவது வாரத்தில் அவை மணிக்கட்டோடு இறுகி நின்றுவிட்டன. விரலில் கிடந்த மோதிரத்தைப் பத்தர் கடையில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. “மாசமா இருக்கறவங்களுக்கு இது சகஜந்தாம்மா” என்றார் பத்தர். என் மாமியாரும் அதையே சொன்னார். நானும் அதை நம்பி, கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பார்லித் தண்ணீர் குடித்தேன். கர்ப்ப காலத்தில் கால் வீங்குவது பெரும்பாலும் சாதாரணமானதுதான். ஆனால் கையும் முகமும் சில நாள்களுக்குள் திடீரென்று உப்பினால் அன்றைக்கே போய் இரத்த அழுத்தம் பார்த்துவிட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள்கள் இருந்தன. பன்னிரண்டையும் வீட்டிலேயே கழித்தேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வயது 29. கும்பகோணத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். கணவருக்குக் கத்தாரில் வேலை. அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்ததால், வளைகாப்பு முடிந்தும் போவதற்குத் தாய்வீடு என்று ஒன்று இல்லாமல் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். அத்தை நல்லவர், ஆனால் மூன்று பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவர். அந்த வீட்டில் பேச்சு என்றால், ‘சுகப்பிரசவம் ஆக வேண்டும்’ என்ற வேண்டுதல் ஒன்றுதான். நானும் ஒவ்வொரு பரிசோதனையிலும் மருத்துவரிடம் தவறாமல் கேட்ட ஒரே கேள்வி, “நார்மல் ஆயிடுமா டாக்டர்?” என்பதுதான். “பார்க்கலாம்மா” என்பார். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவேன். ஏழெட்டு முறை கேட்டும் அந்தக் கேள்வியால் எனக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

முப்பத்தைந்தாவது வாரப் பரிசோதனையில் அழுத்தம் 152/100 என்று வந்தது. சிறுநீர் பார்த்த நர்ஸ், “யூரின்ல உப்பு நிறைய போகுது” என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுதத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் உப்பு என்று சொல்வது புரதத்தை. கருவுற்ற இருபதாவது வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு அல்லது தாண்டிப் போய், சிறுநீரில் புரதமும் வெளியேறினால் அதற்குப் பிரீஎக்லாம்சியா என்று பெயர். நஞ்சுக்கொடி கருப்பையில் சரியாக வேரூன்றாததில் தொடங்கி, தாயின் சிறுநீரகம், கல்லீரல், மூளை என எல்லாவற்றையும் தொடக்கூடிய நோய் இது. முற்றினால் வலிப்பு வரும். மாத்திரைகள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்குமே தவிர நோயைத் தீர்ப்பதில்லை. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வருவதுதான் அதற்குச் சிகிச்சை. இவ்வளவையும் நான் பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது இரண்டே சொற்றொடர்கள்: “பிரஷர் ஏறிடுச்சு. முப்பத்தாறு வாரம் முடிஞ்சதும் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்.” ஏன் அறுவைதான் என்று நான் கேட்கவில்லை. அழுதேன். இரண்டு நாள் படுக்க வைத்து, அழுத்தத்தைக் குறைக்கும் லேபெட்டலால் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு 11,400 ரூபாய். அறுவைக்கு முன்பணம் என்று 30,000 ரூபாயும் கட்டச் சொன்னார்கள். கட்டிவிட்டேன். அந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த வாரத்தில் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. எனக்குக் குறித்திருந்த தேதி மே 3. சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த பெரியவர்கள், அறுவை என்றதும் சோதிடரிடம் ஓடிப் பங்குனிக்குள் இரண்டு நல்ல நேரங்களைக் குறித்து வாங்கி வந்தார்கள். அத்தைக்கோ அறுவையே பிடிக்கவில்லை. “வலி வந்தா தானா பொறக்கும், பணத்துக்காகக் கிழிக்கிறாங்க” என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஸ்கேன் காகிதத்தில் கழுத்தில் கொடி சுற்றியிருப்பதாக எழுதியிருந்ததைப் பார்த்து, கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, எதற்கும் வெட்டி எடுத்துவிடு என்றார். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்குக் கொடி சுற்றியிருக்கும் என்றும், அது மட்டுமே அறுவைக்குக் காரணம் ஆகாது என்றும் அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அப்போது விவரம் போதவில்லை. கணவர் வீடியோவில், “டாக்டர் சொல்றதைக் கேளு, இல்லன்னா நீயே பாத்து முடிவு பண்ணிக்க” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த இரவில் நான் உணர்ந்த தனிமையை வேறு எப்போதும் உணர்ந்ததில்லை.

அத்தையின் சந்தேகம் முழுக்க அடிப்படையற்றது என்றும் சொல்ல முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடாக இருப்பது தனியாரில் 64 விழுக்காட்டை நெருங்குகிறது. இந்த எண்களைப் பார்க்கிற யாருக்கும் ஐயம் எழும். ஆனால் என் உடம்புக்கு அறுவை தேவையா என்பதற்கு அந்த விழுக்காட்டில் விடை இல்லை. நான் அந்த எண்களைப் படித்துப் படித்து மருத்துவர்மேல் வெறுப்பை வளர்த்துக்கொண்டேனே தவிர, என் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

கடைசியில் என்னை அசைத்தது என் பள்ளியின் தலைமையாசிரியை. “ரிப்போர்ட்டை எல்லாம் நகல் எடுத்துக்கிட்டுத் தஞ்சாவூர்ல வேற ஒரு டாக்டரைப் பாரு” என்றார். இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவருக்குச் செய்யும் துரோகம் என்று நினைத்துத் தயங்கினேன். அது தேவையற்ற தயக்கம். தஞ்சாவூர் மருத்துவர் வயதான பெண்மணி. கோப்பைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொன்னார். பிறகு நான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அதை நீங்களும் கேட்காதீங்க, நானும் சொல்ல மாட்டேன். நாம வேற நாலு விஷயம் பேசுவோம்” என்றார்.

அவர் பேசியதை நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிரஷர் என்பது பிரசவத்தைச் சீக்கிரம் முடிப்பதற்குக் காரணம், வயிற்றைத் திறப்பதற்குத் தானாகவே காரணம் ஆகாது என்பது முதலாவது. எப்போது பிறக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி, எந்த வழியில் பிறக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. வீட்டில் எல்லாரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்றார். எனக்கு இந்த ஒன்று புரிந்ததே பாதிச் சுமை இறங்கியதுபோல் இருந்தது. குழந்தையின் தலை கீழே இருக்கிறது, எடை சற்றுக் குறைவு என்றாலும் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, என் இரத்தப் பரிசோதனைகளும் இப்போதைக்குச் சரியாக உள்ளன. ஆகவே வாரம் இரண்டு முறை பரிசோதனையோடு முப்பத்தேழு வாரம் வரை போகலாம், அதன்பின் ஒரு நாள்கூடத் தள்ளாமல் வலி வரவழைத்துப் பார்க்கலாம் என்றார். முதல் பிரசவம், கருப்பை வாய் இன்னும் கெட்டியாக, நீளமாக இருக்கிறது. எனவே வலி வரவழைத்தாலும் ஒன்றிரண்டு நாள் ஆகலாம், கடைசியில் அறுவையிலும் முடியலாம் என்பதையும் மறைக்கவில்லை. அழுத்தம் 160/110-ஐத் தொட்டால், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தால், குழந்தையின் துடிப்பு தளர்ந்தால் இந்தத் திட்டம் அந்த இடத்திலேயே மாறும் என்றும் சொன்னார். தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும் என்று என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தார், நான் மாணவர்களை ஒப்பிக்க வைப்பதுபோல. அவர் வழியாகத் தஞ்சாவூரிலேயே வேறொரு தனியார் மருத்துவமனையில் பதிவு செய்துகொண்டேன். முதல் மருத்துவமனையில் கட்டிய முன்பணத்தில் 18,000 திரும்பியது, 12,000 போயிற்று. முன்பணம் கட்டுவதற்கு முன்பே, வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். ஏப்ரல் 9, முப்பத்தாறு வாரம் நான்கு நாள். காலை பதினொரு மணிக்குத் தலைவலி தொடங்கியது. நெற்றிப் பொட்டில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவதுபோல் ஒரு வலி. ஒப்பித்த பாடம் நன்றாக நினைவில் இருந்தது. இருந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனை, மருத்துவமனை என்றால் அறுவை என்று மனம் கணக்குப் போட்டது. இன்னும் மூன்றே நாள், முப்பத்தேழு ஆகிவிடும் என்று எண்ணிச் சுக்கை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்தேன். நான்கு மணிக்குச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தபோது எழுத்துகளின்மேல் வெள்ளிப் பொடி தூவியதுபோல் மினுமினுப்பு ஓடியது; தேதி தெரியவில்லை. அப்போதுதான் அத்தையைக் கூப்பிட்டேன். தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது அழுத்தம் 164/112. ஐந்து மணி நேரம் தாமதித்தது வலிப்பில் கொண்டுபோய் விட்டிருக்கலாம், குழந்தையையும் இழந்திருக்கலாம். சுகப்பிரசவம் என்ற சொல்லின்மேல் நான் வைத்திருந்த ஆசை அந்த ஐந்து மணி நேரம் எனக்கு எதிரியாக வேலை செய்தது.

வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் கொடுத்தார்கள். அது நரம்பில் ஏறும்போது உள்ளங்காலிலிருந்து தொண்டை வரை யாரோ வெந்நீரை ஊற்றி நிரப்புவதுபோல் உடல் முழுவதும் சூடு பரவியது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பிட்டத்தில் போட்ட ஊசியின் வலி அடுத்த நாளும் இருந்தது. அடுத்தடுத்த மருந்துக்கு முன் சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள், மூச்சை எண்ணுவார்கள், பையில் இறங்கிய சிறுநீரை அளப்பார்கள். மருந்து உடம்பில் அளவுக்கு மேல் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்காக. அழுத்தம் அடங்கிய பிறகு நள்ளிரவில் கருப்பை வாயைத் திறப்பதற்காக முனையில் பலூன் உள்ள குழாயை வைத்தார்கள். பிறகு ஜெல், பிறகு வலி வர டிரிப்ஸ். இதுபற்றிக் கேள்விப்பட்டிருந்த எவரும், முதல் பன்னிரண்டு மணி நேரம் பெரிதாக எதுவுமே நடக்காமல் போகலாம் என்று எனக்குச் சொல்லவில்லை. நடக்கவில்லை. பத்தாம் தேதி இரவு பத்து மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் திறந்திருந்தது. இரண்டு மணிக்கும் அதே ஐந்து. அத்தை இரவு முழுக்க என் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு மருத்துவர் வந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். தட்டணுக்கள் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்திலிருந்து தொண்ணூற்றாறாயிரமாக இறங்கியிருந்தன. ஒவ்வொரு வலியின்போதும் குழந்தையின் துடிப்பு இறங்கி, வலி விட்ட பிறகும் மெதுவாகத்தான் ஏறியது. அந்தக் காகிதச் சுருளை விரித்து என்னிடம் காட்டினார். இன்னும் நான்கைந்து மணி நேரம் காத்தால் முழுதாகத் திறக்கலாம், ஆனால் அதற்குள் தட்டணுக்கள் மேலும் குறைந்தால் முதுகில் ஊசி போட மயக்க மருத்துவர் தயங்குவார், முழு மயக்கம் கொடுக்க நேரும். குழந்தையும் அதுவரை தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அறுவை செய்யலாம் என்பது என் ஆலோசனை, உங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இரண்டாவது குழந்தைக்கு மறுபடியும் அறுவைதானா? கட்டாயம் இல்லை, தழும்பின் வகையையும் அப்போதைய நிலைமையையும் பொறுத்தது என்றார். கையெழுத்துப் போட்டேன். கணவர் வரட்டும் என்று யாரும் சொல்லவில்லை. வயது வந்த பெண்ணின் சொந்தக் கையெழுத்தே போதும். கணவரோ மாமனாரோ போட்டால்தான் செல்லும் என்பது பழக்கமே ஒழிய அதற்குச் சட்டத் தேவை இல்லை. 3.40-க்கு மகள் பிறந்தாள், 2.1 கிலோ. சோதிடர் கேட்ட பங்குனிக்குள்ளேயே வந்துவிட்டாள்.

“அன்னிக்கே பண்ணியிருந்தா இருபத்தேழு மணி நேர வலி மிச்சமாயிருக்குமே” என்று பலர் சொன்னார்கள். மிச்சமாகியிருக்கும்தான். முதல் மருத்துவர் சொன்ன முடிவுக்கே நான் வந்து சேர்ந்தேன் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரிந்து படுத்த மேசையும் காரணம் தெரியாமல் படுக்கும் மேசையும் எனக்கு ஒன்றல்ல. காயம் ஆறிய நாள்களில் ‘ஏமாற்றிவிட்டார்களோ’ என்ற எண்ணம் ஒருமுறைகூட என்னை அரிக்கவில்லை. என்னைப் போலவே அறுவை செய்துகொண்ட தோழி ஒருத்தி, ஏன் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாமல் அதையே பேசிக்கொண்டிருக்கிறாள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போது ‘பேக்கேஜ்’ 85,000 என்றார்கள். கையில் வந்த ரசீது 1,64,000: அறுவை அரங்கும் பிரசவ அறையும் 72,000, அறையும் செவிலியர் கவனிப்பும் 28,000, பச்சிளங்குழந்தைப் பிரிவில் நான்கு நாள் 26,000, மருந்தும் பரிசோதனையும் 21,000, மயக்க மருத்துவர் 10,000, குழந்தை மருத்துவர் 7,000. பேக்கேஜ் என்பது சிக்கல் இல்லாத தாய்க்கும் சிக்கல் இல்லாத குழந்தைக்கும் உரியது. திருமணமானதும் எடுத்த காப்பீட்டில் பேறுகாலச் செலவுக்கு மூன்று ஆண்டு காத்திருப்பு என்று சிறிய எழுத்தில் இருந்தது. எனக்கு இருபது மாதம்தான் ஆகியிருந்தது. சங்கிலியை அடகு வைத்தேன். அரசு மருத்துவமனைகளில் 2011-இல் தொடங்கிய தாய்–சேய் நலத் திட்டத்தின்படி அறுவை, மருந்து, இரத்தம், உணவு எல்லாமே இலவசம். இத்தகைய சிக்கல்களை நாள்தோறும் பார்க்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கௌரவம் என்ற பெயரில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்தது என் தவறு. எங்கே பிரசவம் பார்த்தாலும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் என்கிற அரசின் கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கி வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அதைக் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, நீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று அளந்து அளந்து தண்ணீர் கொடுத்தார்கள். அது தவறு, பால் சுரக்கவும் மலச்சிக்கல் இல்லாமல் இருக்கவும் தண்ணீர் தாராளமாக வேண்டும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை நான் அறிந்திருக்கவில்லை. பிரசவம் முடிந்தால் நோய் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆறாம் நாள் இரவு பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அதே கட்டை விரல் நெற்றிப் பொட்டில் வந்து அமர்ந்தது. இந்த முறை நான் ஐந்து நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. அழுத்தம் 158/104. குழந்தை பிறந்து மூன்றிலிருந்து ஆறு நாள்களுக்குள் அழுத்தம் மறுபடி ஏறுவது உண்டாம். பிறந்த பிறகும் வலிப்பு வரலாமாம். வீடு திரும்பும்போது கொடுத்த காகிதத்தில் தையல் பிரிக்கும் தேதி இருந்தது, இது இல்லை. ஐந்து வாரம் மாத்திரை சாப்பிட்டேன். கர்ப்பத்தில் அழுத்தம் ஏறியவர்கள் கைக்கு ஒரு பிரஷர் கருவி வாங்கி, பிறந்த பிறகும் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். எனக்கு அது 2,000 ரூபாய்க்குள் கிடைத்தது. ஒன்றே முக்கால் லட்சத்தை எண்ணி வைத்த எனக்கு அந்த இரண்டாயிரம் முன்பே தோன்றாமல் போயிற்று.

மகளுக்கு இப்போது பதினான்கு மாதம். அடுத்ததைப் பற்றி அத்தை பேசத் தொடங்கிவிட்டார். குறைந்தது ஒன்றரை ஆண்டு இடைவெளி வேண்டும் என்றும், அடுத்த முறை கரு உறுதியானதுமே வர வேண்டும், பன்னிரண்டாவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது இந்த நோய் திரும்பும் வாய்ப்பைக் குறைக்கும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். கருப்பையில் எந்த இடத்தில், எந்தத் திசையில் கீறினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த பிரசவத்தைச் சுகப்பிரசவமாக முயலலாமா என்று முடிவு செய்வார்கள். வெளியே தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. என் டிஸ்சார்ஜ் காகிதத்தில் ‘சிசேரியன் செய்யப்பட்டது’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அதனால் சென்ற மாதம் தஞ்சாவூர் போய் அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டேன். பதிவறையில் இருந்தவர், “எல்லாம் நல்லாத்தானே முடிஞ்சுது, இது எதுக்கும்மா இப்போ?” என்றார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, நூறு ரூபாய் கட்டி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்து வாங்கினேன். கீழ்ப்பகுதியில், குறுக்குவாட்டில் கீறியிருக்கிறார்கள். வாசித்து முடித்ததும் அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்தேன்.